கழுவாத வலையும் குறைத்துச் சொன்ன எண்ணும்: சைப்ரஸ் தீவு சால்மன் கூண்டு உடைந்த நிகழ்வு

2017 ஆகஸ்ட் 20, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பெல்லிங்ஹாம் விரிகுடாவுக்குத் தெற்கே, சமிஷ் பக்கம், லம்மி பழங்குடி மீனவர்கள் சினூக் சால்மனுக்கு வலை விட்டிருந்தார்கள். இழுத்துப் பார்த்தால் வந்தது வேறு மீன். வெள்ளி உடம்பு, செவுள் மூடியில் பெரிய பெரிய கரும்புள்ளிகள். அட்லாண்டிக் சால்மன். பசிபிக் கரையில் அந்த மீனுக்கு என்ன வேலை? யாரோ கூண்டில் வளர்த்தது தப்பி வந்திருக்கிறது என்பது அவர்களுக்குப் பார்த்ததுமே புரிந்தது.

அந்த மீன் எங்கிருந்து வந்தது, ஏன் தப்பியது, அதற்குப் பிறகு யார் என்ன முடிவெடுத்தார்கள் என்பதை வரிசையாக இங்கே எழுதியிருக்கிறேன். நிறுவனத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் நாம் கற்க வேண்டியதற்குத் தேவையில்லை என்பதால் விட்டுவிட்டேன். இன்னொன்று: நம் சந்தையில் ‘இந்தியன் சால்மன்’ என்ற பெயரில் விற்பது காலா மீன். அதற்கும் இந்தச் சால்மனுக்கும் உறவு கிடையாது.

பின்னணி

சைப்ரஸ் தீவு வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காஜிட் மாவட்டத்தில் இருக்கிறது; அதே பெயர் கொண்ட நாடு வேறு. அதன் டீப்வாட்டர் விரிகுடாவில் மூன்று இடங்களில் மிதவைக் கூண்டுகள் இருந்தன. உடைந்தது இரண்டாம் இடம். இரும்புச் சட்டத்தில் 10 கூண்டுகள், ஒவ்வொன்றின் கீழும் தொங்கும் வலை, மொத்தத்தையும் கடலடியில் பிடித்து வைத்திருக்கும் நங்கூரக் கயிறுகளும் சங்கிலிகளும். உள்ளே 3,05,000 மீன்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய நாலரை கிலோ. விற்பனைக்கு அனுப்பும் பருவம் நெருங்கிக்கொண்டிருந்தது.

இந்த மீனின் பயணம் நீளமானது. முட்டை ஐஸ்லாந்தில் இருந்து வரும். மாநிலத்தின் உள்பகுதியில் ராச்செஸ்டர் ஊருக்கு அருகே உள்ள நன்னீர்ப் பொரிப்பகத்தில் குஞ்சாகும். ஓரளவு வளர்ந்ததும் கடற்கூண்டுக்குப் போகும். அங்கே தீவனம் தின்று பெருத்ததும் கடைக்கு. இந்தச் சங்கிலியில் மீனுக்கும் பொதுக் கடலுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு நூல் வலைதான். கழிவு அதன் வழியே வெளியே போகும், நோய்க்கிருமி இரண்டு பக்கமும் போய்வரும். கூண்டு நின்ற கடலடி நிலமும் நிறுவனத்தின் சொத்து கிடையாது. மாநில அரசு மக்கள் சார்பில் குத்தகைக்குக் கொடுத்தது அது. இந்தத் தொழில் அங்கே 1980-களில் இருந்தே நடந்துவந்தது. இந்த நிறுவனம் முந்தைய உரிமையாளரிடம் இருந்து அதை வாங்கியது 2016-இல்.

அதே கடலுக்கு இன்னொரு உரிமைக்காரர்களும் உண்டு. 1855-இல் பாயின்ட் எலியட்டில் கையெழுத்தான உடன்படிக்கையில் லம்மி உள்ளிட்ட பழங்குடிகள் பெரும் நிலப்பரப்பை விட்டுக்கொடுத்தபோது, வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். அந்த உரிமையை மாநிலம் பல காலம் மதிக்கவில்லை. 1974-இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம், பிடிக்கக்கூடிய சால்மனில் பாதி உடன்படிக்கைப் பழங்குடிகளுக்கு உரியது என்று தீர்ப்பளித்தது. ஆனால் பாதி கிடைத்த காலத்தில் மொத்தமே சுருங்கத் தொடங்கியிருந்தது. அந்த மாநிலத்தின் பியூஜெட் சவுண்ட் என்ற கடல் பகுதியின் சினூக் சால்மன் 1999-இல் அழியும் அபாயத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. அதைத் தின்று வாழும் ஓர்க்கா திமிங்கிலக் கூட்டம் 2005-இல் சேர்ந்தது. ஆறு மீண்டும் நிறைய வேண்டும் என்பதற்காகத் தங்கள் மீன்பிடி நாட்களைக் குறைத்துக்கொண்ட மக்கள் இவர்கள். கூண்டு உடைந்ததை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்பதை இதை மனதில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

வலையில் ஏறியது

கடலில் எதைத் தொங்கவிட்டாலும் அதன்மேல் உயிர் ஏறும். முதலில் வழுவழுப்பான பாசி, அப்புறம் படகின் அடியில் ஒட்டும் ஓட்டுயிரான கொட்டலசு, அப்புறம் பாறையில் ஒட்டுமே அந்தக் கருநீலச் சிப்பி, குமரிப் பக்கம் கல்லுமேக்காய் என்பார்கள், அதன் இனம். குஞ்சாக ஒட்டும்போது கண்ணுக்கே தெரியாது. சில மாதத்தில் வலைக்கண்ணை அடைத்துவிடும். அதற்குள் கூண்டுக்கு உள்ளே இருக்கும் மீனுக்கு மூச்சுக்காற்று குறையும் என்பது ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலை இழுவை. சுத்தமான வலையில் நீரோட்டம் புகுந்து போய்விடும். சிப்பி அடைத்த வலை சுவர் மாதிரி. ஓட்டம் அதை முழு பலத்தோடு தள்ளும். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அந்த விசை முழுவதும் நங்கூரக் கயிற்றுக்கும் இரும்புச் சட்டத்துக்கும்தான் போய்ச் சேரும்.

அதனால்தான் வலை கழுவுவது இந்தத் தொழிலில் வழக்கமான வேலை. நீர்ப்பீச்சு இயந்திரத்தை வலையோரமாக இறக்கி மேலும் கீழுமாகக் கழுவ வேண்டும். 2017 கோடையில் அந்த இயந்திரங்கள் பழுதாகி நின்ற காலம் இருந்தது. வேலை பின்தங்கியது. சிப்பி காத்திருக்கவில்லை.

ஜூலையில் வந்த எச்சரிக்கை

ஜூலை 24, 25 தேதிகளில் வலுத்த நீரோட்டத்தில் இரண்டாம் இடத்தின் நங்கூரப் பிடிகள் பல அறுந்தன. கூண்டுத் தொகுதி இடம்விட்டு நகர்ந்தது. இழுவைப் படகுகளைக் கொண்டுவந்து அதை நிறுத்தி, அறுந்ததை மாற்றிக் கட்டினார்கள். மீன் தப்பவில்லை.

இந்த நிகழ்வில் நான் நீண்ட நேரம் யோசித்தது இந்த இடத்தைத்தான். அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கக் கையில் நாட்கள் இருந்தன. மூன்று வழிகள் இருந்தன. மீனை முன்கூட்டியே பிடித்து விற்றுவிடலாம், எடை கொஞ்சம் குறையும். வலையை முழுதாகக் கழுவும்வரை பாரத்தைக் குறைக்கலாம். குறைந்தபட்சம், ஏன் அறுந்தது என்று ஒரு பொறியாளரைக் கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நடந்தது அறுந்த இடத்தில் ஒட்டுப்போட்டது மட்டும். கழுவும் வேலை தேவைக்கு ஏற்ற அளவில் நடக்கவில்லை. நடந்தது எவ்வளவு தீவிரமானது என்பது அரசுத் துறைகளுக்கும் சரியாகத் தெரிவிக்கப்படவில்லை என்று பிறகு வந்த விசாரணை சொன்னது. அறுபடும் அளவுக்கு இழுத்தது எது என்ற கேள்வி கேட்கப்படாமலே போனது. அதற்கான பதில் கைக்கெட்டும் தூரத்தில், கூண்டின் நடைபாதையில் நின்று குனிந்து பார்த்தால் தெரியும் வலையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 19, 20

ஆகஸ்ட் 19 சனிக்கிழமை கூண்டு மீண்டும் நகரத் தொடங்கியது. ஒரு பிடி போனதும் அதன் பாரம் அடுத்ததன் மேல் விழும், அதுவும் போகும். சட்டம் முறுக்கிக்கொண்டது. துருப்பிடித்திருந்த பாகங்களும் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. மறுநாள் தொகுதி முழுவதும் உருக்குலைந்து சாய்ந்தது. நடைபாதைகள் வளைந்து தண்ணீருக்குள் போயின. வலைகள் ஒன்றோடொன்று சுருண்டன. அந்தச் சுருளுக்குள் மாட்டிய மீன்கள் மூச்சு முட்டிச் செத்தன. மற்றவை வெளியே போய்விட்டன.

முதலில் சொன்ன எண்

தப்பியது 4,000 முதல் 5,000 வரை இருக்கும் என்பது நிறுவனம் முதலில் சொன்ன கணக்கு. காரணமாகச் சொன்னது ஆகஸ்ட் 21 சூரிய கிரகணத்தை ஒட்டி வந்த வழக்கத்துக்கு மாறான ஓதமும் நீரோட்டமும். அந்தக் கிரகணம் அமெரிக்கா முழுக்கப் பேசப்பட்ட ஒன்று. கேட்பவர்களுக்கு நம்பத் தோன்றும்.

அமாவாசையும் பௌர்ணமியும் ஓதத்தைக் கூட்டும், உண்மை. கடற்கரைக்காரர் எவருக்கும் இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் கிரகணமும் ஒரு அமாவாசைதான். ஓதத்தின் அளவு முன்கூட்டியே அட்டவணையில் அச்சாகி இருக்கும். அதை எடுத்துப் பார்த்த கடலியல் அறிஞர்கள், அந்த நாட்களின் ஓதம் அசாதாரணமாக எதுவும் இல்லை, அதே ஆண்டில் அதைவிட உயர்ந்த ஓதங்கள் வந்து போயிருக்கின்றன என்றார்கள். அதே கடலில் பக்கத்தில் இருந்த மற்ற கூண்டுகள் நின்றுகொண்டுதான் இருந்தன.

எண்ணும் நிலைக்கவில்லை. பிறகு நிறுவனமே சுமார் 1,60,000 என்று திருத்தியது. முதல் எண்ணைவிட முப்பது மடங்குக்கும் மேல். 5,000 மீன் தப்பியது என்று கேட்டால் ஒரு துறை ஒருவிதமாக இயங்கும், ஒன்றரை லட்சம் என்றால் வேறுவிதமாக இயங்கும். தப்பிய மீன் கூண்டருகே கூட்டமாகச் சுற்றுவது முதல் சில நாட்கள்தான். பிடிக்க முடிந்த நேரமும் அதுதான்.

படகில் போனவர்கள்

லம்மி நிர்வாகம் எண்ணுக்குக் காத்திருக்காமல் அவசரநிலை அறிவித்தது. மீனவர்கள் படகை எடுத்துக்கொண்டு போனார்கள். செவுள் வலைக்காரர்களும் சுருக்குவலைக்காரர்களும் இரவும் பகலுமாக அடுத்தவன் விட்ட மீனைப் பிடித்தார்கள். அவர்கள் மட்டும் பிடித்தது 43,000-க்கும் மேல். மாநிலத் துறை பொதுமக்களையும் தூண்டில் போடச் சொன்னது, அட்லாண்டிக் சால்மனுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை என்று அறிவித்தது. எல்லோரும் சேர்ந்து மீட்டது சுமார் 57,000.

பிடித்த மீனை வாங்கிக்கொள்ள நிறுவனம் முன்வந்தது. கடற்கூண்டுகளைத் தடைசெய்யக் கோரிப் பேசாமல் இருந்தால் கூடுதல் விலை தருவதாக அதில் ஒரு பேச்சு வந்தது என்றும், தாங்கள் அதை மறுத்துவிட்டதாகவும் லம்மி தரப்பு பின்னர் வெளிப்படையாகச் சொன்னது. தங்களுக்கு எந்தப் பங்கும் இல்லாத ஒரு தொழிலின் குப்பையை அள்ளிக்கொண்டிருந்த மக்களிடம் இப்படி ஒரு பேரம் பேசப்பட்டது என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

விசாரணை கண்டது

ஆளுநர் சில நாட்களிலேயே புதிய கூண்டு அனுமதிகளை நிறுத்திவைத்தார். ஆனால் பழைய அனுமதி பழைய அனுமதிதான். அக்டோபர் தொடக்கத்தில், பொரிப்பகத்தில் இருந்து 10 லட்சம் அட்லாண்டிக் சால்மன் குஞ்சுகளை மற்றொரு இடத்துக் கூண்டுக்கு மாற்ற மாநிலம் ஒப்புதல் தர வேண்டி வந்தது. நடப்பில் உள்ள அனுமதியின்படி மறுக்கச் சட்டத்தில் இடமில்லை என்றார்கள். உடைந்த கூண்டின் காரணமே தெரியாத நிலையில் 10 லட்சம் மீன் கடலுக்குள் போகிறது என்று கேட்டதும் மக்களின் கோபம் இரண்டு மடங்கானது. சட்டம் எழுதும்போது இப்படி ஒரு நாள் வரும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை என்பது அன்று தெரிந்தது.

சூழலியல் துறை, மீன் மற்றும் வனவிலங்குத் துறை, இயற்கை வளத் துறை மூன்றும் சேர்ந்து நடத்திய விசாரணையின் அறிக்கை 2018 ஜனவரி 30 அன்று வந்தது. வலைகளில் ஏறியிருந்த சிப்பியும் பிற உயிர்களும் 110 டன். வலையைச் சரியாகக் கழுவாததும் பராமரிக்காததும்தான் உடைந்ததற்குக் காரணம், கிரகணமோ ஓதமோ இல்லை என்று அறிக்கை முடிவு சொன்னது.

எண்ணிலும் பெரிய வேறுபாடு. செத்து வலைக்குள் கிடந்து எடுக்கப்பட்டவை சுமார் 1,45,000 என்று நிறுவனம் கணக்குக் கொடுத்திருந்தது. அரசின் கணக்கில் அது 42,000 முதல் 62,000 வரைதான். அப்படியானால் தப்பியது 2,43,000 முதல் 2,63,000 வரை. மீட்டது போக 1,86,000-க்குக் குறையாத மீன்கள் எங்கே போயின என்று கணக்கில்லை. இந்த அறிக்கை தவறானது, விசாரணையில் தங்களைச் சேர்க்கவில்லை என்று நிறுவனம் மறுத்தது.

தண்டம் 3,32,000 டாலர். கூண்டில் இருந்த மீன் எண்ணிக்கையால் வகுத்தால் மீன் ஒன்றுக்கு ஒரு டாலரைச் சற்றே தாண்டும்.

எடுத்த முடிவுகள்

பிப்ரவரியில் சைப்ரஸ் தீவுக் குத்தகை ரத்தானது. மார்ச்சில் சட்டமன்றம் இரண்டு கட்சிகளின் ஆதரவோடும் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அந்நிய இன மீன்களைக் கடற்கூண்டில் வளர்க்க இனி புதுக் குத்தகை கிடையாது, இருக்கும் குத்தகைகள் 2022-க்குள் முடியும்போது தொழிலும் முடியும். உடனே மூடச் சொல்லாமல் குத்தகை முடியும்வரை விட்டது நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன். மாநிலத்தில் சுமார் 80 பேர் இந்தத் தொழிலில் வேலை பார்த்தார்கள். குடும்பத்தோடு வந்து சட்டமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னவர்கள் அவர்களில் உண்டு. இயந்திரம் பழுதானதற்கு அவர்கள் காரணம் இல்லை.

மே மாதம் இன்னொரு கண்ணி அறுந்தது. பொரிப்பகத்தில் இருந்த 8 லட்சம் குஞ்சுகளைக் கடலுக்கு மாற்ற நிறுவனம் கேட்டபோது மீன் துறை மறுத்துவிட்டது. அவற்றில் மீன்களைத் தொற்றும் பிஆர்வி என்ற வைரஸின் ஒரு வகை இருந்தது. அந்த வகை வாஷிங்டன் கடலுக்குரியது இல்லை, முட்டை வந்த ஐஸ்லாந்தில் காணப்படுவது. ஒரு மீன் தட்டுக்கு வரும் முன் எத்தனை கடல்களைத் தொட்டு வருகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டாம்.

ஒரு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு தூய நீர்ச் சட்டத்தின் கீழ் தொடுத்திருந்த வழக்கு 2019 இறுதியில் 27.5 லட்சம் டாலருக்குச் சமரசமானது. அரசு போட்ட தண்டத்தைப்போல் எட்டு மடங்கு.

தப்பிய மீன்

பயந்த அளவுக்குப் பேரழிவு நிகழவில்லை, இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிடிபட்டவற்றில் பெரும்பாலானவற்றின் வயிறு காலியாக இருந்தது. தீவனம் கொட்டியே பழகிய மீனுக்கு வேட்டை வரவில்லை. அட்லாண்டிக் சால்மன் அந்த ஆறுகளில் குடியேறிப் பெருகியதாகச் சான்று இல்லை. ஆனால் பல மாதங்கள் கழித்தும் ஸ்காஜிட் ஆற்றில் கடலில் இருந்து வெகுதூரம் உள்ளே உயிருள்ள அட்லாண்டிக் சால்மன்கள் பழங்குடி மீனவர் வலையில் வந்தன. சில வாரங்களில் எல்லாம் செத்துவிடும் என்ற முதல் நாள் நம்பிக்கையும் அந்த முதல் எண்ணைப் போலவே ஆனது.

பின்னர் நடந்தது

நிறுவனம் அந்நிய இனத்தை விட்டு அந்த ஊரின் ஸ்டீல்ஹெட் ட்ரௌட் மீனுக்கு மாறியது. அந்நிய இனம் இல்லை என்பதால் சட்டத்தின் தடைக்குள் வராது. வளர்ப்பதும் இனப்பெருக்கம் செய்ய முடியாத பெண் மீன்கள்தான். 2020-இல் அனுமதியும் கிடைத்தது. அதை எதிர்த்த வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் அனுமதி சரிதான் என்றது. ஆனால் 2022 நவம்பரில் இயற்கை வளத் துறை எஞ்சிய இரண்டு குத்தகைகளையும் புதுப்பிக்க மறுத்தது. சில நாட்களில் அரசின் கடலடி நிலத்தில் வணிகக் கூண்டு மீன் வளர்ப்பே இனி இல்லை என்று துறைத் தலைவர் உத்தரவிட்டார். 2025 ஜனவரியில் அது நிரந்தர விதியாக வாக்கெடுப்பில் நிறைவேறியது.

எல்லாப் பழங்குடிகளும் ஒரே பக்கம் நின்றதாக நினைக்க வேண்டாம். ட்ரௌட் திட்டத்தில் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்த பழங்குடியும் உண்டு. தங்கள் இளைஞர்களுக்குக் கடலில் வேலை வேண்டும் என்ற அவர்களின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது.

எதை மாற்றலாம்

கூண்டு மீன் வளர்ப்பு நமக்கும் அன்னியம் இல்லை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கடல் விரால் வளர்ப்பைக் கற்றுக்கொடுத்து, மீனவர் குழுக்கள் அதை எடுத்துச் செய்கின்றன. நம் கூண்டுகள் சிறியவை, வளர்ப்பது நம் கடல் மீன். ஆனால் வலையில் ஏறும் கொட்டலசுக்கு ஊர் பேதம் தெரியாது. அதனால் சைப்ரஸ் தீவில் இருந்து நான் எடுத்துக்கொண்டதைச் சொல்கிறேன்.

வலை எவ்வளவு அடைந்திருக்கிறது என்பதற்கு ஒரு அளவு வேண்டும், அந்த அளவைத் தாண்டினால் மீனைக் குறைத்தே ஆக வேண்டும் என்று உரிமத்திலேயே எழுத வேண்டும். கழுவும் இயந்திரம் நின்றால் அதையும் நங்கூரம் அறுந்ததுபோலவே துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மீன் தப்பாத விபத்தைத் தப்பிய விபத்துபோலவே விசாரிக்க வேண்டும். ஜூலையில் இதைச் செய்திருந்தால் ஆகஸ்ட் இல்லை.

தப்பிய மீனைக் கூண்டுக்காரரே எண்ணக் கூடாது. கூண்டில் எத்தனை மீன் என்ற இருப்புக் கணக்கு மாதாமாதம் வேறொருவர் கையிலும் இருந்தால், விபத்து நாளில் பேரம் பேச ஒன்றும் இருக்காது. உறுதியாகத் தெரியும்வரை, உள்ளே இருந்த அத்தனையும் தப்பியதாகவே வைத்துப் படகுகளை அனுப்ப வேண்டும்.

படகுக்கான பணத்தையும் முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டும். மீட்கப் போகும் மீனவருக்கு நாள் கூலி, டீசல், வலைச் சேதம் எல்லாம் உரிமம் கொடுக்கும்போதே வைப்புத்தொகையாகக் கட்டப்பட்டு, அரசின் கையில் இருக்க வேண்டும். அப்போதுதான் அவர்கள் பிடித்த மீனுக்கு விலை கேட்க, கூண்டுக்காரர் முன்னால் போய் நிற்க வேண்டிய நிலை வராது.